குளிர்காலத்தில் படகின் அறை: மூடுவதா, திறப்பதா?

மாரி காலத்தில் மழை விட்டு வானம் வெளித்த ஓர் இரவின் பின், விடியற்காலையில் தகரக் கூரையின் உட்புறத்திலிருந்து துளித்துளியாக நீர் சொட்டுவதை எம்மில் பலர் கண்டிருக்கிறோம். வீட்டுக்காரர் கூரையில் ஓட்டையைத் தேடுவார். ஓட்டை எதுவும் இராது. வீட்டினுள் இருந்த காற்றின் ஈரமே குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகி விழுகிறது.

இந்தச் சிறு அனுபவத்தை மனதில் வைத்துக்கொண்டால், இப்பாடத்தில் நாம் பார்க்கப்போகும் தூரதேசத்து விடயம் இலகுவில் விளங்கும். இங்கிலாந்தின் கால்வாய்களில் படகையே வீடாகக் கொண்டு வாழும் மக்கள், உறைபனிக் காலத்தில் தமது படகின் அறையைச் சூடாகவும் ஈரமின்றியும் எவ்வாறு வைத்திருக்கிறார்கள் என்பதே அவ்விடயம்.

இது எமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். எமது உறவுகள் பலர் இன்று குளிர்நாடுகளில் சிறிய, ஈரம் ஊறிய வீடுகளில் வாழ்கிறார்கள். எமது பலநாட் கலங்களிலும் ஒடுங்கிய அறைக்குள்ளே வாயு அடுப்பு எரிகிறது. மலைநாட்டின் குளிரில் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்குவோரும் உளர். இவர்கள் அனைவருக்கும் பொதுவான பாடம் ஒன்று அந்தப் படகறையில் உண்டு. அதனைத் தவறாக விளங்கிக்கொண்டவர்கள் உயிரையும் இழந்திருக்கிறார்கள்.

1. அடைக்கப்பட்ட துவாரங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் மேற்படிப்பின் பொருட்டு இங்கிலாந்தின் மத்திய பகுதியில் ஒரு குளிர்காலத்தைக் கழிக்கும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. நாம் தங்கியிருந்த வீட்டின் பின்புறமாக ஒரு கால்வாய் ஓடியது. அதன் கரையில் கட்டப்பட்டிருந்த படகொன்றில் வயது சென்ற கணவனும் மனைவியும் வாழ்ந்தனர். வீட்டு வாடகையைத் தாங்க முடியாமல், கையிலிருந்த சேமிப்பைக் கொடுத்து ஒரு பழைய உருக்குப் படகை வாங்கிக் குடியேறியவர்கள் அவர்கள். அது அவர்களுக்குப் படகில் முதற் குளிர்காலம்.

தை மாதத்தில் ஒருநாள் எம்மைத் தேநீருக்கு அழைத்தார்கள். உள்ளே நுழைந்தபோது யன்னற் கண்ணாடிகளில் நீர் வழிந்துகொண்டிருந்தது. அம்மையார் கட்டில் மெத்தையைத் தூக்கிக் காட்டினார். அதன் அடிப்பக்கம் முழுவதும் கருநிறத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அலுமாரியிலிருந்த உடுப்புகள் தொட்டால் கைக்கு ஈரமாக இருந்தன.

"காற்று வரும் வழி எல்லாவற்றையும் அடைத்துவிட்டோம், பாதர். அப்படியிருந்தும் எங்கிருந்து வருகிறது இந்த ஈரம்?" என்று கேட்டார் அவருடைய கணவர்.

உண்மையிலேயே அடைத்திருந்தார்கள். கூரையிலிருந்த காற்றுத் துவாரங்களுக்குள் பழந்துணி திணிக்கப்பட்டிருந்தது. கதவின் கீழ்ப்பாகத்திலிருந்த துவாரங்களின் மேல் ஒட்டுநாடா ஒட்டப்பட்டிருந்தது. அறையின் நடுவே, புகைபோக்கி எதுவுமில்லாத வாயுக் கணப்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. சில நாட்களாகக் காலையில் எழும்பும்போது தலையிடியும் வயிற்றுப்புரட்டலும் இருப்பதாகவும், அது தடிமனின் குணமாக இருக்கலாம் என்றும் அவர் சொன்னார்.

அயற்படகில் வாழ்ந்த முதியவர் ஒருவரும் அன்று வந்திருந்தார். படகுக்காரக் குடும்பமொன்றில் பிறந்து, படகிலேயே வளர்ந்தவர் அவர். தலையிடி என்ற சொல்லைக் கேட்டதும் அவர் எழுந்தார். ஒன்றும் பேசாமல் கணப்பை நிறுத்தினார்; கதவைத் திறந்தார்; கூரைத் துவாரங்களிலிருந்த துணியைப் பிடுங்கி எடுத்தார். அதன் பிறகே வாய் திறந்தார். "இந்தத் துணிதான் உங்கள் ஈரத்துக்குக் காரணம். இன்னும் இரண்டு இரவு இப்படியே படுத்திருந்தால் எழும்பியிருக்க மாட்டீர்கள்."

அவர் அன்று செய்ததன் காரணத்தை நாம் படிப்படியாகப் பார்ப்போம்.

2. படகு எப்படிப்பட்டது?

இங்கிலாந்தின் கால்வாய்களிற் பெரும்பாலானவை 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நிலக்கரி, மட்பாண்டம், இரும்பு முதலியவற்றை ஏற்றி இறக்குவதற்காக வெட்டப்பட்டவை. மத்திய பகுதியிற் கால்வாய் ஏறி இறங்கும் இடங்களில் அமைந்த நீர்க்கதவுகள் ஏறத்தாழ 7 அடி அகலமே கொண்டவை. ஆகவே, அவற்றினூடே செல்லும் படகுகளும் 7 அடிக்கு மேல் அகலமாக இருக்க முடியாது. நீளமோ 70 அடி வரை இருக்கலாம். இதனாலேயே இவற்றுக்கு ஒடுங்கிய படகுகள் என்று பெயர் வந்தது.

பழைய காலத்துப் படகுகளிற் பல மரத்தாலானவை. இன்று மக்கள் குடியிருக்கும் படகுகள் பெரும்பாலும் உருக்குத் தகட்டினாற் செய்யப்பட்டவை. பொதுவாக அடித்தகடு 10 மில்லிமீற்றர், நீரில் அமிழும் பக்கத் தகடு 6 மில்லிமீற்றர், கூரைத் தகடு 4 மில்லிமீற்றர் தடிப்புடையன. உருக்கு மரத்தைவிட ஏறத்தாழ 300 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துகிறது. எனவே, வெளியே பனி உறையும்போது உள்ளே இருக்கும் உருக்கும் உடனே குளிர்ந்துவிடுகிறது. எமது தகரக் கூரையின் நிலையும் இதுவே. அங்கோ கூரை மட்டுமன்றிச் சுவர்களும் தரையும் உலோகம்.

கால்வாய்களிற் பெரும்பகுதியை 2012ஆம் ஆண்டு முதல் பராமரித்து வரும் அறக்கட்டளையின் பொறுப்பில் ஏறத்தாழ 2,000 மைல் நீளமான நீர்வழிகள் உள்ளன. வீட்டு வாடகை உயர உயர, அவற்றில் நிரந்தரமாக வாழ்வோர் தொகையும் கூடியுள்ளது. நிலையான கட்டுமிடம் இல்லாதவர்கள் 1995ஆம் ஆண்டின் சட்டப்படி ஓரிடத்தில் 14 நாட்களுக்கு மேல் தொடர்ந்து தங்கலாகாது. இத்தகையோருக்குக் கரையிலிருந்து மின்சாரம் கிடைப்பதில்லை. ஆகவே, குளிரை வெல்வதற்கு அவர்கள் நெருப்பையே நம்பியிருக்கிறார்கள்.

3. நீர் எங்கிருந்து வருகிறது?

காற்று நீராவியைத் தாங்கக்கூடியது. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை வெப்பநிலையோடு மாறுகிறது. 20 பாகை செல்சியசில் ஒரு கனமீற்றர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 பாகையில் 9 கிராமுக்குச் சற்று அதிகமாகவும், 5 பாகையில் 7 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவும், உறைநிலையில் 5 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவுமே தாங்கும். சூடான, ஈரமான காற்று குளிர்ந்த பொருளொன்றில் படும்போது, தாங்க முடியாத மிகுதி நீர் அப்பொருளின் மேல் துளியாகப் படிகிறது. இதனையே ஒடுங்கல் என்கிறோம். குளிர்ந்த சோடாப் போத்தலின் வெளிப்புறம் "வியர்ப்பதும்" இவ்வாறே.

இனிச் சிறிய கணக்கொன்றைப் பார்ப்போம். 12 மீற்றர் நீளமும் 2 மீற்றர் அகலமும் 1.9 மீற்றர் உயரமும் கொண்ட படகறையில் ஏறத்தாழ 45 கனமீற்றர் காற்று உண்டு. 20 பாகையில் இக்காற்று முழுவதும் தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 780 கிராம் ஆகும். நெருப்பு அணைந்து 5 பாகைக்குக் குளிர்ந்தால் 300 கிராமை மட்டுமே தாங்கும்.

அந்த அறைக்குள் எவ்வளவு நீர் சேர்கிறது?

அ) உறங்கும் ஒருவர் மூச்சாலும் வியர்வையாலும் இரவொன்றில் ஏறத்தாழ மூன்றிலொரு லீற்றர் நீரை வெளிவிடுகிறார். இருவரென்றால் அரை லீற்றருக்கு மேல். மூடிய அறை நிரம்புவதற்கு இதுவே ஏறக்குறையப் போதும்.

ஆ) சமைக்கும்போதும், தேநீருக்குக் கேத்தில் கொதிக்கும்போதும், குளிக்கும்போதும், ஈர உடுப்பை உள்ளே காயவிடும்போதும் மேலும் நீராவி சேர்கிறது.

இ) வாயு எரியும்போதே நீர் பிறக்கிறது. இதனைப் பலர் அறியார். ஒரு கிலோகிராம் புரொப்பேன் வாயு எரிந்தால் 1.6 கிலோகிராம் நீர் உண்டாகிறது. புகைபோக்கி இல்லாத ஒரு வாயுக் கணப்பு மணிக்கு 300 கிராம் வாயுவை எரிக்குமானால், ஒவ்வொரு மணித்தியாலத்திலும் ஏறத்தாழ அரை லீற்றர் நீரை அறைக்குள் ஊற்றுகிறது என்பதே பொருள். மண்ணெண்ணெய் அடுப்பும் அவ்வாறே: ஒரு லீற்றர் எண்ணெய் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் வெளிப்படும்.

அந்த முதிய தம்பதியரின் படகில் மாலையில் ஐந்து மணித்தியாலம் கணப்பு எரிந்தால், இரண்டு லீற்றருக்கு மேற்பட்ட நீர் காற்றில் கலந்திருக்கும். வெளியேற வழியில்லை. ஆகவே, அது கண்ணாடியில் வழிந்தது. மெத்தையின் கீழ் ஊறியது. சுவர்ப்பலகையின் பின்னே ஓடித் தரைக்குக் கீழே தேங்கியது. அவர்கள் கூடுதலாகச் சூடாக்கச் சூடாக்க ஈரமும் கூடியது.

ஈரம் வெறும் வசதிக்குறைவு மாத்திரமன்று. பூஞ்சணத்தின் வித்திகள் மூச்சுக்குழாயைத் தாக்கும். முட்டு வருத்தமுள்ளவர்களையும் குழந்தைகளையும் முதியோரையும் கூடுதலாகப் பாதிக்கும். 2020ஆம் ஆண்டு டிசெம்பரில் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில், பூஞ்சணம் படர்ந்த வீடொன்றில் வாழ்ந்த இரண்டு வயதுக் குழந்தையொன்று மூச்சுத் தொகுதி பாதிக்கப்பட்டு இறந்தது. பூஞ்சணமே காரணம் என்று 2022இல் மரண விசாரணை தீர்மானித்தது. அதன் விளைவாக, சமூக வீடுகளில் ஈரத்தையும் பூஞ்சணத்தையும் உரிய காலத்துள் திருத்த வேண்டும் என்னும் ஏற்பாடு 2023ஆம் ஆண்டுச் சட்டத்திற் சேர்க்கப்பட்டது.

4. ஈரமான வெளிக்காற்று எவ்வாறு உலர்த்தும்?

இங்குதான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். "வெளியே மழையும் மூடுபனியுமாக இருக்கிறது. துவாரத்தைத் திறந்தால் மேலும் ஈரம்தானே உள்ளே வரும்?" என்பது அவர்களது எண்ணம்.

மேலே தந்த எண்களை மீண்டும் பாருங்கள். வெளியே 5 பாகை. காற்று ஈரத்தால் நிரம்பியிருக்கிறது. அவ்வாறாயினும் அதன் ஒரு கனமீற்றரில் 7 கிராம் நீராவி கூட இல்லை. அதே காற்று உள்ளே வந்து 20 பாகைக்குச் சூடானால் அதனால் 17 கிராம் தாங்க முடியும். அதாவது, தான் தாங்கக்கூடியதில் ஐந்தில் இரண்டு பங்கை மட்டுமே கொண்டுவந்திருக்கிறது. மிகுதி இடம் வெறுமையாக உள்ளது. அறையிலுள்ள ஈரத்தை ஏற்றிக்கொண்டு அது மேல் துவாரத்தால் வெளியேறுகிறது. வெறுங்கூடையோடு வந்து நிறைகூடையோடு போகும் கூலியாளுக்கு இதனை ஒப்பிடலாம்.

நாளொன்றுக்கு 2 லீற்றர் நீரை இவ்வாறு வெளியேற்றி, உட்காற்றின் ஈரப்பதனை 60 சதவீதத்தில் வைத்திருக்க வேண்டுமாயின், மணிக்கு ஏறத்தாழ 23 கனமீற்றர் காற்று மாற வேண்டும். எமது உதாரணப் படகில் அது அறைக் காற்றின் அரைவாசி. இதற்குப் பெரும் யன்னல் தேவையில்லை. கதவின் அடியில் சில துவாரங்களும் கூரையில் சில துவாரங்களும் இரவும் பகலும் திறந்திருந்தால் போதும். குளிர்காற்று கீழால் வரும். சூடான ஈரக்காற்று மேலால் போகும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள்ளே சூடு இல்லையெனில் இந்த வேலை நடைபெறாது. காற்றோட்டம் மட்டும் இருந்தால் அறை குளிரும். சூடு மட்டும் இருந்தால் அறை நனையும். இரண்டும் ஒன்றாகச் சேர வேண்டும்.

5. பழைய படகுக்காரரின் அறை

இப்பாடத்தைப் பழைய படகுக்காரர்கள் நூலிற் படிக்கவில்லை, வாழ்விற் கற்றார்கள். புகையிரதப் போட்டியினாற் கூலி குறைந்தபோது, கரையில் வீடு வைத்திருக்க முடியாத பலர் 19ஆம் நூற்றாண்டிற் குடும்பத்தோடு படகில் ஏறினார்கள். படகின் பெரும்பகுதி சரக்குக்கே உரியது. பின்புறத்தில் ஏறத்தாழ 10 அடி நீளமும் 7 அடிக்கும் குறைந்த அகலமும் கொண்ட ஓர் அறையே குடும்பத்துக்குரியது. உள்ளே இறங்கியதும் இடப்பக்கம் நிலக்கரி அடுப்பு. அதனை அடுத்து, கதவை மடித்து இறக்கினால் மேசையாகும் அலுமாரி. அதற்கப்பால் குறுக்காக விரிக்கும் கட்டில்.

அந்த நெருக்கத்தில் நோயும் துன்பமும் மிகுதியாயிருந்தன. கோல்வில் ஊரைச் சேர்ந்த ஜோர்ஜ் ஸ்மித் என்பவர் (1831–1895) படகுப் பிள்ளைகளின் நிலையை நாடறியச் செய்து போராடினார். அதன் பயனாக 1877இல் கால்வாய்ப் படகுகள் சட்டம் வந்தது. 1884இல் அது வலுப்படுத்தப்பட்டது. குடியிருக்கும் படகுகள் பதிவு செய்யப்பட வேண்டும். அறையில் எத்தனை பேர் உறங்கலாம் என்பதற்கு வரையறை இருக்க வேண்டும். வளர்ந்த ஒருவருக்கு 60 கன அடியும் சிறு பிள்ளைக்கு 40 கன அடியும் காற்றிடம் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. ஆளுக்கு எவ்வளவு காற்று என்று சட்டமே கணக்குப் பார்த்தது என்பது கவனிக்கத்தக்கது.

அந்த அறையின் அமைப்பில் ஒரு நன்மை இருந்தது. அடுப்பு நாள் முழுதும் எரிந்தது. அதன் புகையும் நீராவியும் குழாய் வழியே கூரைக்கு மேலே போயின. படகைச் செலுத்துபவர் அறையின் வாசலில் நின்றே சுக்கானைப் பிடிப்பார். ஆகவே, கூரையின் தள்ளுகதவு ஓட்டம் முழுவதும் திறந்திருக்கும். அவரது கால்களுக்கு அடுப்பின் சூடு, முகத்துக்கு வெளிக்காற்று. நெருப்பும் திறந்த வாசலும் நாள்தோறும் ஒன்றாகவே இருந்தன.

எம்மோடு பேசிய முதியவர் 1962–63ஆம் ஆண்டுக் குளிர்காலத்தை நினைவுகூர்ந்தார். 1962 டிசெம்பர் இறுதியிலிருந்து 1963 மார்ச் தொடக்கம் வரை கால்வாய்கள் உறைந்து கிடந்தன. படகுகள் நின்ற இடத்திலேயே நின்றன. ஏற்கெனவே நலிந்திருந்த சரக்குத் தொழில் அதன்பின் தலைதூக்கவில்லை. "அந்தக் குளிரிலும் என் தாய் இரவில் தள்ளுகதவை நான்கு விரலளவு திறந்தே வைப்பாள். நாங்கள் முறைப்பட்டால், அதிகமாகக் குளிர்ந்தால் இன்னொரு போர்வை போடு, கதவில் கைவைக்காதே என்பாள்" என்றார் அவர்.

6. செய்ய வேண்டியவை

படகறையைச் சூடாகவும் உலர்வாகவும் வைத்திருப்பதற்கு மூன்று வேலைகள் உண்டு. ஒன்றைச் செய்து மற்றவற்றை விட்டால் பயனில்லை.

முதலாவது: புகை வெளியேறும் சூடு. புகைபோக்கியுள்ள வார்ப்பிரும்பு அடுப்பே படகுக்குச் சிறந்தது. எரிவதால் உண்டாகும் நீராவி குழாயோடு வெளியே போகிறது. அடுப்பு எரிவதற்கு அறைக் காற்றை இழுப்பதால் புதுக்காற்றும் உள்ளே வருகிறது. பெரிய அடுப்பை அரைகுறையாகப் புகையவிடுவதிலும் சிறிய அடுப்பைத் தெளிவாக எரியவிடுவது நன்று. விறகு நன்கு காய்ந்ததாக இருக்க வேண்டும். பச்சை விறகின் எடையில் ஏறத்தாழ அரைவாசி நீர். நெருப்பின் சூடு அந்நீரை ஆவியாக்குவதிலேயே வீணாகும். குழாயின் உட்புறம் தார் படிந்து ஒருநாள் தீப்பிடிக்கும். இங்கிலாந்தில் 2021இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, சிறு அளவில் விற்கப்படும் விறகின் ஈரம் 20 சதவீதத்துக்கு மேற்படலாகாது.

இரண்டாவது: எப்போதும் திறந்த காற்றுவழி. மேலும் கீழுமாக உள்ள துவாரங்களை ஒருபோதும் அடைக்கலாகாது. சமைக்கும்போது சட்டிக்கு மூடி போட்டு, அருகிலுள்ள யன்னலைத் திறக்க வேண்டும். உடுப்பை உள்ளே காயவிடுவதைத் தவிர்க்க வேண்டும். முடியாதபோது எரியும் அடுப்புக்குச் சற்றுத் தள்ளி, கூரைத் துவாரத்தின் கீழ் காயவிடலாம். அடுப்பு பொதுவாகப் படகின் முன்புறத்திலும் படுக்கை பின்புறத்திலும் இருக்கும். இடைக்கதவுகளைத் திறந்து வைத்தால் சூடு பின்னே செல்லும். மெத்தையைப் பலகையின் மேல் நேரே போடாமல், இடைவெளி விட்ட சட்டங்களின் மேல் போட வேண்டும். அலுமாரிகளின் கதவில் துவாரம் இருத்தல் நன்று.

மூன்றாவது: குளிர்ந்த உருக்கை மறைத்தல். அறையின் காற்று உருக்கைத் தொடாதிருந்தால் ஒடுங்கல் நிகழாது. இன்று பலர் உருக்கின் உட்புறத்தில் பொலியூரெதேன் நுரையை விசிறிப் படியவைக்கிறார்கள். அது உருக்கோடு ஒட்டிக்கொள்வதால் இடையே காற்றுப் புகாது. ரெஜிபோம் தகடு அல்லது பஞ்சு வைத்தால், அதன் பின்னே ஈரக்காற்று புகுந்து, கண்ணுக்குத் தெரியாமல் நீர் படிந்து உருக்கைத் துருப்பிடிக்கச் செய்யும். யன்னற் சட்டங்கள் உலோகமாதலால் அங்கே எப்படியும் சிறிது நீர் படியும். அதனைக் காலைதோறும் துணியாற் துடைத்து, துணியை வெளியே பிழிய வேண்டும். தரைக்குக் கீழே நீர் தேங்கியுள்ளதா என்று மாதமொருமுறையேனும் திறந்து பார்க்க வேண்டும்.

குளிர்காலத்தில் ஆளில்லாமல் விடப்படும் படகுக்கும் இதே அறிவு உதவும். நீர் உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுவதால் குழாய்கள் வெடிக்கும். ஆகவே, குழாய்களையும் தாங்கியையும் வெறுமையாக்கி, குழாய்வாய்களைத் திறந்துவிட வேண்டும். மெத்தைகளை நிமிர்த்தி வைத்து, அலுமாரிகளைத் திறந்து, காற்றுத் துவாரங்களை அடைக்காமல் விட்டுச் செல்ல வேண்டும்.

7. உயிரைக் குடிக்கும் சூடு

இப்பாடத்தின் மிக முக்கியமான பகுதிக்கு வருகிறோம். எரிபொருள் போதிய காற்றின்றி எரியும்போது காபனோரொட்சைட்டு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினோடு ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் அது சேர்ந்துகொள்கிறது. உடல் ஒட்சிசனின்றித் தவிக்கும். முதலில் தலையிடி, தலைச்சுற்று, வயிற்றுப்புரட்டல். பின்பு குழப்பமும் சோர்வும். தடிமன் காய்ச்சல் என்றே எண்ணத் தோன்றும். உறங்குபவர் விழிப்பதில்லை.

2014ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி, இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள விற்பித் துறைமுகத்தில் 'எஷ்கோல்' என்னும் மீன்பிடிக் கலத்தில் இருவர் இறந்து கிடந்தனர். குளிருக்காகச் சமையல் அடுப்பின் வாட்டும் பகுதியை எரியவிட்டு உறங்கியிருந்தார்கள். எச்சரிக்கைக் கருவி எதுவும் கலத்தில் இருக்கவில்லை. அதற்கு முந்திய ஆண்டு, 2013 ஏப்ரல் 1ஆம் திகதி, விண்டமியர் ஏரியில் நின்ற படகொன்றில் உறங்கிய ஒரு தாயும் பத்து வயது மகளும், படகிலிருந்த மின்பிறப்பாக்கியின் புகை அறைக்குள் புகுந்ததால் இறந்தனர்.

இவர்கள் எவரும் கவலையீனமான மனிதர்கள் என்று நாம் கூற மாட்டோம். குளிரில் நடுங்கும் எவரும் கையில் உள்ளதைக் கொண்டு சூடாக்கவே முயல்வர். நுவரெலியாவில் குளிருக்குக் கரிச்சட்டியை அறைக்குள் வைத்து உறங்கியவர்கள் காலையில் எழாத செய்திகளை நாமும் பத்திரிகைகளில் வாசித்திருக்கிறோம். எனவே, பின்வருவனவற்றை மனதிற் பதித்துக்கொள்ள வேண்டும்:

1. சமைக்கும் அடுப்பு சமைப்பதற்கே. அதனை அறையைச் சூடாக்கப் பயன்படுத்தலாகாது.

2. புகைபோக்கி இல்லாத நெருப்பை எரியவிட்டு உறங்கலாகாது.

3. தணலையும் சூடான சாம்பலையும் உள்ளே வைத்திருக்கலாகாது. அணைந்ததுபோல் தோன்றினாலும் அவை நஞ்சு வாயுவை விடும்.

4. அடுப்புக் கதவின் கயிற்று அடைப்பையும் புகைக்குழாயின் இணைப்புகளையும் ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் முன் பார்க்க வேண்டும். குழாயைத் துப்புரவாக்க வேண்டும்.

5. காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி வேண்டும். 2019 ஏப்ரல் முதல், படகுப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் வரும், உறங்கும் வசதியுள்ள படகுகளுக்கு இது கட்டாயமாக்கப்பட்டது. கருவி காற்றோட்டத்துக்கு ஈடாகாது. அது கடைசிக் காவலாளி.

6. ஒரே அறையில் இருவருக்கு ஒரே நேரத்திற் தலையிடி வந்தால், காரணத்தை ஆராய்ந்துகொண்டிராமல் முதலில் வெளியே வர வேண்டும்.

8. முடிவாக

அந்தப் படகுக்கு நாம் பங்குனியில் மீண்டும் போனோம். வாயுக் கணப்பு அங்கே இல்லை. முதியவரின் உதவியோடு பழைய வார்ப்பிரும்பு அடுப்பொன்றை வாங்கிப் பொருத்தியிருந்தார்கள். கூரைத் துவாரங்கள் திறந்திருந்தன. கீழே நின்றபோது காலில் இலேசாகக் குளிர்காற்றுப் பட்டது. ஆனால் கண்ணாடிகள் தெளிவாக இருந்தன. புதிய மெத்தையை அம்மையார் மீண்டும் தூக்கிக் காட்டினார், அடிப்பக்கம் உலர்ந்திருந்தது. கணவரின் தலையிடியும் நின்றுவிட்டது. சுவரில் ஒரு சிறிய எச்சரிக்கைக் கருவி பச்சை ஒளி காட்டிக்கொண்டிருந்தது.

குளிர்நாட்டில் உள்ள பிள்ளைகளுக்கு எழுதும்போதும், கடலுக்குப் போகும் சகோதரர்களோடு பேசும்போதும், மலைநாட்டில் இரவு தங்க நேரும்போதும் இதனைச் சொல்லிவையுங்கள்: நெருப்பு இருக்கும் அறையில் காற்றுக்கு ஒரு வழி திறந்திருக்க வேண்டும். குளிர்ந்தால் இன்னொரு போர்வை போடலாம்.

குழுவிற் சிந்திப்பதற்கு:

1. உங்கள் வீட்டில் அல்லது கலத்தில் ஈரம் படியும் இடங்கள் எவை? அந்நீர் மழையால் வந்ததா, உள்ளேயிருந்து வந்ததா என்பதை எவ்வாறு கண்டறிவீர்கள்?

2. உங்கள் ஊரிலுள்ள பலநாட் கலமொன்றின் அறையைச் சென்று பாருங்கள். அடுப்பு எங்கே இருக்கிறது? மழையின்போது எந்த வழியால் காற்று உள்ளே வருகிறது?

3. ஈரமான வெளிக்காற்று அறையை உலர்த்தும் என்பதை, எழுத்தறிவில்லாத ஒருவருக்கு நீங்கள் எந்த உதாரணத்தைக் கொண்டு விளக்குவீர்கள்?

4. மூடிய அறையிற் தலையிடியோடு மயங்கிக் கிடக்கும் ஒருவரைக் கண்டால் முதலில் என்ன செய்வீர்கள்? உங்கள் சொந்த உயிரை எவ்வாறு காத்துக்கொள்வீர்கள்?